சுவிஸில் பிள்ளை ஆமிக்குப் போகிறான்: யாழ்ப்பாணத்தில் இருக்கும் வீட்டார் கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது கொக்குவிலில். 1997 இல் ஒன்பது வயதில் அம்மாவோடு சுவிஸுக்குப் போனேன். அங்கேயே படித்து, அந்த நாட்டுப் பிரஜையாகி, 2009 இல் அங்கத்தைய இராணுவத்தின் கட்டாயப் பயிற்சியையும் முடித்தேன். இப்போது அம்மம்மாவைப் பார்க்க ஊரோடு வந்துவிட்டேன். பேரனுக்கோ பெறாமகனுக்கோ சுவிஸ் ஆமியிலிருந்து கடிதம் வந்தால் அயலட்டைச் சனம் என்னைத் தேடி வருகிறது. ஒரே கேள்விகளுக்கு எத்தனையோ விறாந்தைகளில் இருந்து பதில் சொல்லியாயிற்று. இங்கே ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

தம்பி, எங்கட பெடியன் ஏன் ஆமிக்குப் போகவேணும்? அவனாகச் சேர்ந்தவனோ?

இல்லை. சுவிஸ் அரசியலமைப்பின் 59 ஆம் உறுப்புரைப்படி அந்த நாட்டுப் பிரஜையான ஒவ்வோர் ஆணும் இராணுவச் சேவைக்குக் கடமைப்பட்டவன். பதினெட்டு வயதளவில் வீட்டுக்குக் கடிதம் வரும். இன்னும் விசாவோடு, அதாவது பி அல்லது சி அட்டையோடு இருக்கிறவனுக்கு வராது. சிவப்புப் பாஸ்போர்ட் எடுத்தவனுக்கு வரும். பெண்பிள்ளைகள் விரும்பினால் போகலாம், கட்டாயம் இல்லை.

2013 செப்டெம்பரில் இந்தக் கட்டாயச் சேவையை நிறுத்தலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். நூற்றுக்கு 73 பேர் நிறுத்தவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஊர்ச் சனத்துக்கு ஆமி என்றால் பக்கத்து வீட்டுத் தச்சன், வங்கிக்காரன், பள்ளிக்கூட வாத்தியார் எல்லோரும் வருடத்தில் மூன்று கிழமை சீருடை போடுவது. நிரந்தரச் சிப்பாய்கள் மிகக் குறைவு.

சண்டைக்கு அனுப்புவார்களா?

அனுப்பமாட்டார்கள். சுவிஸின் நடுநிலைமையை 1815 இல் ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்டன. கடைசியாக அந்த மண்ணில் நடந்த சண்டை 1847 இல், அதுவும் அவர்களுக்குள்ளேயே, ஒரு மாதத்துக்குள் முடிந்தது. 1999 முதல் கொசோவோவில் ஒரு சிறிய அணி அமைதிப்பணியில் நிற்கிறது. அதற்கு விண்ணப்பம் போட்டுத் தேர்வானவர்கள் மட்டுமே போகிறார்கள். பயிற்சிக்குப் போகும் பிள்ளையை யாரும் விமானத்தில் ஏற்றி வேறு நாட்டுக்கு அனுப்பிவிடமாட்டார்கள். இந்தப் பதிலை மட்டும் பாட்டிமாருக்கு இரண்டு தரம் சொல்லுங்கள்.

போகாமல் விட வழி இல்லையா?

மூன்று வழி உண்டு. ஒன்று, மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்று வருவது. அப்படி வந்தால் சிலரைக் குடிசார் பாதுகாப்புப் பிரிவில் போடுவார்கள். சேவை செய்யாத ஆண்டுகளுக்கு வரி கட்டவேண்டும்: வரிக்குரிய வருமானத்தில் 3 வீதம், குறைந்தது 400 பிராங். 19 வயதுக்கும் 37 வயதுக்கும் இடையில் கூடினது பதினொரு தடவை. வயது போன பிறகு பிரஜாவுரிமை எடுத்த அண்ணன்மார் பெரும்பாலும் இந்த வரியோடு முடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது சிவில்டீன்ஸ்ட் என்ற மாற்றுச் சேவை. 1996 முதல் இருக்கிறது. துவக்குத் தூக்க மனச்சாட்சி இடம்கொடுக்காதவன் முதியோர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ காடு பராமரிப்பிலோ வேலை செய்யலாம். நாட்கணக்கு மட்டும் ஒன்றரை மடங்கு. முன்பு மனச்சாட்சியை ஒரு குழுவின் முன்னால் விளக்கவேண்டி இருந்தது. 2009 ஏப்ரலில் அந்த விசாரணையை எடுத்துவிட்டார்கள். இராணுவத்துக்குத் தகுதியானவன் விண்ணப்பித்தால் போதும்.

மூன்றாவது, படிப்பு அல்லது தொழிற்பயிற்சியைக் காட்டிப் பிற்போடுவது. அது தப்புவது இல்லை, தவணை கேட்பது.

எது சரி என்று கேட்டால், எங்கள் வீடுகளிலிருந்து போகிற பிள்ளைக்கு இரண்டாவது வழியையும் முன்னாலே வைத்துப் பேசுங்கள் என்றுதான் சொல்வேன். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முதியோர் இல்லத்தில் ஒருவருடைய உடம்பைத் துடைத்துவிடுவது இலேசான வேலை இல்லை.

நீங்கள் ஏன் போனீர்கள்?

அப்பா சொன்னார்: "இந்த நாடு இருக்க இடம் தந்தது, கேட்டதைச் செய்." எனக்கு அப்போது இருபத்தொரு வயது. மே மாதம் இங்கே யுத்தம் முடிந்தது, யூலையில் நான் அங்கே சீருடை வாங்க வரிசையில் நின்றேன். அந்த இரண்டு மாதமும் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்ததே இல்லை. அப்பாவின் சொல்லுக்கு மறுப்புச் சொல்லும் நிலையில் யாரும் இருக்கவில்லை. இன்றைக்கு என்றால் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேன். போனதற்காக வருந்தவில்லை.

அம்மம்மாவுக்கு எப்படிச் சொல்வது? சொல்லாமலே விடலாமா?

சொல்லாமல் விடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிழையைத்தான் செய்தோம். "அவன் ஒரு ட்ரெயினிங்குக்குப் போயிருக்கிறான்" என்று அப்பா தொலைபேசியில் சொன்னார். என்ன ட்ரெயினிங் என்று அவ கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு மாமி ஊருக்கு வந்தபோது என் படத்தைக் காட்டிவிட்டா. பச்சை உடுப்பு, தொப்பி, தோளில் துவக்கு. அம்மம்மா படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாவாம்.

அவவுக்கு "ஆமி" என்பது ஒரு தொழிலின் பெயர் இல்லை. 1987 இல் இந்தியன் ஆமி கொக்குவிலுக்குள் வந்தபோது அவ பார்த்தது இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு முழு யாழ்ப்பாணமும் செம்மணி வழியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் இடம்பெயர்ந்து நடந்தபோது என் கையைப் பிடித்திருந்தது அவதான். அதற்குப் பிறகு சோதனைச்சாவடி, சுற்றிவளைப்பு, அடையாள அட்டை. இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பேரனின் பெயரோடு சேர்த்துக் கேட்பது எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

அடுத்த ஞாயிறு நானே அழைத்தேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டா: "உவங்கள் வீடு வீடாச் சோதனைக்குப் போறவங்களோ?"

இல்லை அம்மம்மா என்றேன். அப்ப என்ன செய்யிறவை என்றா. வெள்ளம் வந்தால் மண்மூட்டை அடுக்குவார்கள், பனிச்சரிவு வந்தால் தோண்டுவார்கள், உலகத் தலைவர்கள் டாவோஸில் கூட்டம் வைத்தால் காவல் நிற்பார்கள், பனிச்சறுக்குப் போட்டிக்குப் பாதை செப்பனிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. கேட்டுவிட்டு, "உடுப்பு ஒண்டுதானே தம்பி" என்றா.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த அழைப்புக்குப் பிறகுதான் ஒவ்வொரு கிழமையும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கத் தொடங்கினா. ஆகவே பிள்ளையே நேரில் பேசட்டும். அவ கேட்பதை எல்லாம் கேட்க விடுங்கள். "அந்த ஆமி வேற, இந்த ஆமி வேற" என்று இடையில் புகுந்து வெட்டவேண்டாம்.

மொத்தம் எவ்வளவு காலம்?

எர்எஸ் என்று பெடியள் சொல்வதுதான் அடிப்படைப் பயிற்சி, முழுப்பெயர் றெக்ரூட்டன்ஷூல. 2018 முதல் 18 வாரம். என் காலத்தில் என் பிரிவுக்கு 21 வாரம். அது முடிந்து அடுத்த வருடங்களில் 19 நாள் கொண்ட மீள்பயிற்சி ஆறு தரம் வரும். சாதாரணச் சிப்பாய்க்கு எல்லாம் சேர்த்து 245 நாள். ஒரே மூச்சில் முடிக்க விரும்புகிறவன் 300 நாள் தொடர்ந்து செய்யலாம்.

அதற்கு முன் தேர்வு ஏதும் உண்டா?

இரண்டு மூன்று நாள் தேர்வு நிலையத்துக்கு அழைப்பார்கள். மருத்துவம், மனநிலைக் கேள்விகள், பிறகு உடற்தகுதி: இரண்டு கிலோப் பந்தை இருந்தபடி எறிதல், நின்ற இடத்தில் பாய்தல், ஒற்றைக்காலில் நிற்றல், முழங்கையூன்றி உடம்பை நேராகப் பிடித்தல், ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. எந்தப் பிரிவு விருப்பம் என்றும் அங்கேதான் கேட்பார்கள். சமையலுக்கும் வாகனம் ஓட்டவும் மருத்துவ உதவிக்கும் ஆள் எடுக்கிறார்கள். வாயைத் திறந்து விருப்பத்தைச் சொல்லும்படி பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். எங்கட பெடியள் "எதுவும் பரவாயில்லை" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு, பிறகு மலையில் மோட்டார் எறிகணைக் குழாய் சுமக்கிறார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடியற்காலை எழும்பி, கட்டில் விரித்து, வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டு, காலைச் சாப்பாடு. பிறகு துவக்குப் பயிற்சி, முதலுதவி, அணிநடை, ஓட்டம். பின்னேரம் பார்க்டீன்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. அன்று பாவித்த ஒவ்வொரு பொருளையும் துடைத்து, எண்ணெய் போட்டு, எண்ணி வைப்பது. சப்பாத்தின் அடியில் ஒரு புல் ஒட்டியிருந்தாலும் திரும்பவும் துடைக்கவேண்டும். உண்மையில் பயிற்சிக்காலத்தின் பாதி துடைப்பதும் காத்திருப்பதும்தான். படங்களில் காட்டுகிற மாதிரி எந்நேரமும் சேற்றில் தவழ்வது இல்லை.

இரவு கொஞ்ச நேரம் சொந்த நேரம். அப்போதுதான் போன் எடுக்கலாம். அந்த நேரம் இங்கே நடுநிசி தாண்டிவிடும். பதில் வரவில்லை என்று பதறவேண்டாம்.

ஒரு விசயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சீருடையின் நெஞ்சில் குடும்பப் பெயர் ஒட்டியிருக்கும். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? சுவிஸ் பதிவில் அப்பாவின் பெயர்தான் அந்த இடத்தில் இருக்கும். ஆக, விடிந்ததிலிருந்து இரவு வரை எல்லோரும் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிட்டார்கள், அதுவும் கத்தி. எங்கள் வீட்டில் அம்மா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை; "இஞ்சாருங்கோ" என்பதோடு சரி. முதல் கிழமை அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் அப்பாவை யாரோ ஏசுகிறார்கள் என்று உடம்பு கூசியது. பெயரின் நீளம் தாங்காமல் எங்கள் வாக்ட்மைஸ்டர், அதாவது பிரிவுத் தலைவர், முதல் இரண்டு அசையோடு வெட்டிவிட்டார். மூன்றாம் கிழமை நான் போய், இது என் தகப்பனின் பெயர், முழுதாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். கடதாசியில் அசை பிரித்து எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த காலை வரிசையில் முழுப் பெயரும் வந்தது, ஒரு எழுத்துப் பிழையில்லாமல். நான் "ஹியர்" என்று சொன்ன சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

சாப்பாடு என்ன கொடுப்பார்கள்? மாடு சாப்பிடாதவன் என்ன செய்வது?

பட்டினி கிடக்கமாட்டான். பாண், சீஸ், உருளைக்கிழங்கு, மாக்கறோனி, அப்பிள் மசியல். ஷ்பாட்ஸ் என்று பழைய இராணுவச் சாப்பாடு ஒன்று உண்டு. அந்தச் சொல்லுக்குச் சிட்டுக்குருவி என்று பொருள், ஆனால் பானையில் இருப்பது மாட்டிறைச்சியும் மரக்கறியும். சைவமும் இருக்கிறது, மாடு பன்றி வேண்டாம் என்றாலும் கவனிப்பார்கள். முதல் நாளே பதிவுசெய்ய வேண்டும். வெட்கப்பட்டு இருந்தால் பாணும் சீஸும்தான்.

றீ காசிமீர் என்ற பெயரில் சோறு வரும் நாள் ஒன்று வரும். பிள்ளை ஆசையோடு போவான். சோற்றுக்கு மேல் மஞ்சள் நிறத்தில் இனிப்பான ஒரு குழம்பு, அதற்கு மேல் வாழைப்பழமும் அன்னாசியும். 1952 இல் மூவன்பிக் உணவகத்தில் பிறந்த உணவு அது. சுவிஸ்காரருக்குச் சின்ன வயது ஞாபகம். நான் முதல் வாய் வைத்ததும் அப்படியே கரண்டியை வைத்துவிட்டேன். பயிற்சி முடியும் வேளையில் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன்.

இடையில் பெற்றோர் வந்து பார்க்கும் நாள் ஒன்று உண்டு. அம்மா விடியற்காலை எழும்பி இடியப்பம் அவித்து, கோழிக்கறியும் இடிச்ச சம்பலும் கட்டிக்கொண்டு வந்தா. எட்டுப் பேர் அறை. அப்பன்செல் மலைநாட்டிலிருந்து வந்த மாட்டுப்பண்ணைப் பெடியன் ஒருவன் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையால் பிசைந்தான். சம்பல் கண்ணில் தண்ணீர் வரவைத்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அம்மா அவனுக்குத்தான் கடைசி இடியப்பத்தையும் போட்டா.

திருநீறு பூசலாமா? கையில் கட்டின நூல்?

நூலை நான் சட்டைக் கைக்குள் வைத்திருந்தேன், யாரும் கழற்றச் சொல்லவில்லை. திருநீறு காலையில் பூசினால் தொப்பிக்குள் மறைந்துவிடும். சங்கிலி, தோடு எல்லாம் பயிற்சி நேரத்தில் கழற்றவேண்டும், அது பாதுகாப்புக்காக.

கறுப்பு நிறம் என்று வேறுபடுத்துவார்களா?

ஓம், அப்படியும் நடக்கும். எனக்கு ஒருவன் முதல் கிழமையில் ஒரு பெயர் வைத்தான், இங்கே எழுதமாட்டேன். அறையில் இருந்த மற்றவர்கள் பேசாமல் இருந்ததுதான் கூடுதலாக நொந்தது. மேலே முறையிட்டேன், அவனை அழைத்துக் கண்டித்தார்கள், பிறகு அது நின்றது. ஆமியில் முறைப்பாட்டுக்கு எழுத்து வழி இருக்கிறது. பிள்ளை அதைப் பாவிக்கவேண்டும், "பொறுத்துப் போ ராசா" என்று இங்கிருந்து சொல்லாதீர்கள். அதே இராணுவத்தில் கொசோவோ, போர்த்துக்கல், துருக்கி, எரித்திரியா என்று எல்லா இடத்துப் பெற்றோரின் பிள்ளைகளும் நிற்கிறார்கள். நாலாம் மாதம் ஒரே பாண் துண்டைப் பிரித்துச் சாப்பிடும்போது நிறம் பார்க்க நேரம் இருப்பதில்லை.

மிகவும் கஷ்டமான நாள் எது?

நீண்ட நடையும் இல்லை, கண்ணீர்ப்புகை அறையில் முகமூடி கழற்றியதும் இல்லை. செப்டெம்பரில் ஓர் இரவுப் பயிற்சி. பள்ளத்தாக்கில் படுத்திருந்தோம். முன்னறிவிப்பில்லாமல் மேட்டில் வெடியோசை. பயிற்சிக்கான வெடிதான், ஆனால் மலையில் பட்டு எதிரொலித்தது. எனக்கு நினைவு திரும்பியபோது முகம் மண்ணில், இரண்டு கையும் காதில், வாய் திறந்தபடி. 1995 இல் பங்கருக்குள் அம்மம்மா சொல்லித்தந்தது: "காதைப் பொத்து, வாயைத் திற." பதினான்கு வருடம் உடம்பு அதை மறக்காமல் வைத்திருந்தது. நல்ல வேகம் என்று வாக்ட்மைஸ்டர் தோளில் தட்டினார். அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு மூன்று இரவு நித்திரை இல்லை. நாலாம் நாள் நானே போய்ச் சொன்னேன். இராணுவத்துக்குள் உளவியல் சேவை இருக்கிறது, மதகுருமார் சேவையும் இருக்கிறது. எந்த மதத்தவனும் பேசலாம். ஒரு பெண் உளவியலாளர் ஒன்றரை மணித்தியாலம் இருந்து கேட்டார். யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்று காகிதத்தில் கீறிக் காட்டினேன். இரண்டு இரவுப் பயிற்சிகளிலிருந்து விலக்குத் தந்தார்கள், பிறகு சமாளித்தேன்.

இங்கே பிறந்து, ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்து, பிறகு அங்கே போன பிள்ளை என்றால் தேர்வு நாளிலேயே மருத்துவரிடம் இதைச் சொல்லவேண்டும். மறைப்பதில் வீரம் இல்லை. அங்கேயே பிறந்த பிள்ளைக்கு இது இராது, ஆனால் தகப்பனுக்கு இருக்கலாம். முதல் சனிக்கிழமை சீருடையோடு சூரிச் புகையிரத நிலையத்தில் இறங்கியபோது என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா, கூட்டத்துக்குள் என்னைக் காணுமுன் சீருடையைக் கண்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். பிறகு தானே வெளியே வந்து பையை வாங்கினார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

துவக்கை வீட்டுக்கே கொண்டுவருவார்களாமே?

உண்மைதான். ஷ்டுர்ம்கவேர் 90 என்ற துவக்கு, நாலு கிலோவுக்குக் கிட்டப் பாரம். ரவை கொடுத்துவிடமாட்டார்கள், வீட்டில் ரவை வைக்கும் வழக்கத்தை 2007 இல் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் வைக்க விருப்பமில்லாதவன் இராணுவக் களஞ்சியத்தில் காசில்லாமல் ஒப்படைக்கலாம். நான் ஒப்படைத்தேன். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு, அல்லது இந்த உருப்படியைக் கண்டால் நெஞ்சு பதறும் பெற்றோர் இருக்கும் வீடு என்றால் ஒப்படைப்பதுதான் முறை.

சம்பளம் உண்டா? வேலை போய்விடாதா?

கைச்செலவுக்குச் சிறிய படி, அதற்கு மேல் வருமான இழப்பு ஈட்டுத்தொகை. பயிற்சியில் இருக்கும், சொந்தமாகப் பிள்ளைகள் இல்லாத இளைஞனுக்கு 2023 முதல் நாளுக்கு 69 பிராங். சில முதலாளிமார் மிச்சச் சம்பளத்தையும் கொடுப்பார்கள். பதினொரு நாளுக்கு மேற்பட்ட சேவை என்றால் சேவைக்காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் நாலு கிழமையும் வேலையிலிருந்து நிறுத்த முடியாது. வெள்ளி அல்லது சனி வீட்டுக்கு விடுவார்கள்; சீருடையும் அழைப்பாணையும் இருந்தால் றெயினுக்கு ரிக்கற் எடுக்கத் தேவையில்லை. காசு அனுப்புவான் என்று அந்த மாதங்களில் எதிர்பார்க்கவேண்டாம்.

செத்தவீடு, கலியாணம் என்றால் விடுவார்களா?

எழுத்தில் கேட்டால் தனிப்பட்ட விடுமுறை கிடைக்கும். ஆனால் எங்கள் உறவுமுறை அவர்களுக்கு விளங்காது. பெரியப்பா என்று எழுதினால் தூரத்து உறவு என்று நினைப்பார்கள். "அப்பாவின் அண்ணன், நான் வளர்ந்தது அவர் வீட்டில்" என்று விளக்கி எழுதச் சொல்லுங்கள். இலங்கைக்கு வந்துபோகிற அளவு நாள் கிடைப்பது கஷ்டம். வீட்டுக் கலியாணத் தேதியைப் பயிற்சி முடிந்த பிறகு வையுங்கள்.

முடித்துவிட்டு ஊருக்கு வரும்போது எதைக் கொண்டுவரலாம்?

சீருடையை வேண்டவே வேண்டாம். அது இராணுவத்தின் சொத்து, சுவிஸிலேயே இருக்கவேண்டும். அதோடு, உருமறைப்பு நிறத்தில் காற்சட்டை, தொப்பி, பை எதையும் இலங்கைக்குள் கொண்டுவராமல் இருப்பது நல்லது. இங்கே பொதுமக்கள் அவ்வாறான உடுப்பை அணிந்தாலோ வைத்திருந்தாலோ விசாரணைக்குப் போகவேண்டி வரும். கடையில் வாங்கின விளையாட்டுக் காற்சட்டை என்றாலும் அதேதான். போனில் இருக்கும் துவக்குப் படங்களையும் அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். விறாந்தையில் பத்துப் பேர் இருக்கும்போது திரையைத் தட்டிக்கொண்டு போனால் அது யார் கண்ணில் படும் என்று தெரியாது.

இராணுவச் சொக்கலேற்றும் பிஸ்கற்றும் கொண்டுவரலாம். சுவிஸ் மடக்குக்கத்தி கொண்டுவருவதானால் கையில் எடுத்துவரும் பையில் வைக்காமல் பெட்டிக்குள் போடவேண்டும். அம்மம்மாவுக்கு நான் கொடுத்தது ஒரு சிவப்புக் கத்தி. பாக்கு வெட்ட உதவாது என்று சொல்லிவிட்டா. கடிதம் பிரிக்க வைத்திருக்கிறா.